மெரூனாவின் காப்பாளர்

அரியலூர் தனி மாவட்டமான வருஷத்தில்தான் ஷஃபியுல்லா ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பினார். மாவட்டம் வந்தால் ஆபீசுகள் வரும், ஆபீசுகள் வந்தால் மனு கொடுக்கிறவர்கள் வருவார்கள், மனுவை யாராவது டைப் அடித்துக் கொடுத்தாக வேண்டும் என்று யோசித்தார். அதனால் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டில் கடை போடாமல், அரியலூரில் ரயிலடிக்குப் போகும் சாலையில் ஓர் இடம் பிடித்தார். மகள் பெயரை வைத்து 'ஹுமா கம்ப்யூட்டர்ஸ்' என்று போர்டு மாட்டினார். உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியைத் துடைப்பதே பாதி வேலை.

மத்தியானத்தில் கடைக்கு ஆள் வருவது குறைவு. அந்த நேரத்தில் அவர் ஒரு விளையாட்டு ஆடுவார். ஷார்ஜாவிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த சிடி அது. விண்வெளிக் கதை என்றாலும் சுடுவதும் குதிப்பதும் அதில் குறைவு; பேச்சுதான் அதிகம். எங்கோ ஒரு கிரகத்தைச் சுற்றும் நிலவில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஒன்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அவர்களை ஆள ஒரு மன்றம். அந்த மன்றத்தில் மெரூனா என்று ஓர் உறுப்பினர். அரசியலின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த நடுத்தர வயதுப் பெண். அவள் என்ன பேச வேண்டும், எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்பதை ஆடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். திரையில் நான்கு வரிகள் தோன்றும். எவ்வளவு நேரம் ஆனாலும் மெரூனா பொறுமையாகக் காத்திருப்பாள். பதினான்கு வருஷம் முதலாளிகள் முன்னால் காத்து நின்ற ஷஃபியுல்லாவுக்கு, தன் முடிவுக்காக ஒருத்தி காத்திருப்பது பிடித்திருந்தது.

கதையில் ஒரு கட்டம் வந்தது. நிலவுக்குக் காற்று வரும் குழாயை எதிரிக் கப்பற்படை பிடித்துக்கொள்கிறது. கொடியை இறக்கிவிட்டு எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், காற்றை விடுகிறோம் என்கிறது. மன்றத் தலைவர் முடியாது என்கிறார். மெரூனா மட்டும் தன் இருக்கையை விட்டு எழுந்து, எதிர் வரிசையில் போய் உட்கார்ந்து கை தூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். ஒன்பதாயிரம் பேரும் பிழைப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களில் ஒருவரும் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஷஃபியுல்லா இரண்டு நாள் யோசித்தார். ஷார்ஜாவில் அவர் வேலை பார்த்த கடிகாரக் கடையில் அண்ணன் முதலாளிக்கும் தம்பி முதலாளிக்கும் தகராறு வந்தது. தம்பி அவரைக் கூடப் பிறந்தவர்போல வைத்திருந்தவர். நியாயமும் அவர் பக்கம்தான். ஆனால் ஊர்க்காரர்கள் ஆறு பேருடைய விசா அண்ணன் கையில் இருந்தது. ஷஃபியுல்லா அண்ணனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஆறு பேருக்கும் வேலை நிலைத்தது. அந்த ஆறு பேரும் அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மெரூனாவை எதிர் வரிசைக்கு அனுப்பினார். திரையில் அவள் எழுந்து, நீண்ட கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தபோது கடைக்குள் ஒன்றியக் கவுன்சிலர் வைரக்கண்ணு வந்தார். ஒரு கட்சியிலிருந்து விலகும் கடிதம் ஒன்று, இன்னொரு கட்சியில் சேரும் கடிதம் ஒன்று, இரண்டும் அவசரமாக டைப் அடிக்க வேண்டும். இது அவருக்கு மூன்றாவது தடவை. உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தார்.

"இந்தம்மா எங்க போகுது?" என்றார்.

"எதிர்க்கட்சிக்குப் போறாங்க சார்" என்றார் ஷஃபியுல்லா. அவருக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

வைரக்கண்ணு இரண்டு கடிதங்களையும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

மாவட்டக் கணினிக் கேளிக்கை ஒழுக்க ஆய்வுக் குழு என்று ஒன்று இருப்பது ஷஃபியுல்லாவுக்கு அன்றுதான் தெரிந்தது. அது அரசாங்கக் குழுவா, தனியார் குழுவா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் லெட்டர்பேடு இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, ஜீப்பும் இருந்தது. இவை மூன்றும் இருக்கும் ஒன்றிடம் நீ யார் என்று கேட்கும் பழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை. விளையாட்டு இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். டைப் அடிக்கும் கம்ப்யூட்டரில் விளையாட்டு இல்லையே என்று அவர் கேட்டார். ஒரே அறையில் இருந்ததால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதையும் வைத்தார்கள். அவர் உட்கார்ந்து ஆடிய நாற்காலியையும் வைத்தார்கள்.

குழுவுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். தலைவர் பாலசுந்தரம், கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர் ஜானகி, மேடைப் பேச்சாளர். இன்னொரு உறுப்பினர் வைரக்கண்ணு. புகார் கொடுத்தவரே விசாரிக்கலாமா என்று ஷஃபியுல்லா மிகப் பணிவாகக் கேட்டபோது, விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று தலைவர் விளக்கினார். எழுத்தர் வீரமுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

முதல் நாள் விசாரணையில் வீரமுத்து கூடத்தின் வாசலுக்குப் போய், மெரூனா, மெரூனா, மெரூனா என்று மூன்று தடவை கூப்பிட்டார். கை கழுவும் இடத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை. அழைப்பாணை அனுப்பியும் ஆஜராகவில்லை என்று பதிவானது.

அவள் நிஜமான ஆள் இல்லை, விளையாட்டில் வருகிறவள் என்று ஷஃபியுல்லா சொன்னார். பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், எங்க சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பாத்திருக்கோம். உறுப்பினரே இல்லாத சங்கத்துக்கு எலெக்ஷன் நடத்தியிருக்கேன், அதுல ஒருத்தர் ஜெயிச்சும் இருக்காரு. ஆள் இல்லங்கறது ஒரு காரணமே இல்ல. யாராச்சும் அவங்க சார்பா கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

படிவத்தில் உறவு முறை என்று ஒரு கட்டம் இருந்தது. ஷஃபியுல்லா அதைக் காலியாக விட்டார். வீரமுத்து குனிந்து, "காப்பாளர்னு போட்டுடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். அவரும் போட்டார். அந்த நிமிஷத்திலிருந்து மெரூனா செய்ததற்கெல்லாம் அவர் பொறுப்பாளியானார்.

இரண்டாம் நாள் அவள் செய்தது சரியா தவறா என்று விவாதித்தார்கள். ஜானகி எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேச அவருக்கு வராது. கொடி என்பது துணி அல்ல, மானம் என்றார். மூச்சு போனால் உயிர்தான் போகும், கொடி போனால் வரலாறே போய்விடும் என்றார். முக்கால் மணி நேரம் கழித்து மின்விசிறி நின்றுபோனது. கூடத்தில் காற்றே இல்லை என்று பேச்சை நிறுத்தி, ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தார்.

பாலசுந்தரத்துக்கு மானம் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை. எழுந்து போய் மறுபக்கம் உட்காரும் முன் அவள் யாரிடமாவது எழுத்தில் அனுமதி வாங்கினாளா என்பதே அவருடைய கேள்வி. காற்று நிற்க ஒரு மணி நேரம்தான் இருந்தது என்று ஷஃபியுல்லா சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஒரு குறிப்பாவது எழுதி வைத்திருக்கலாம் என்றார் தலைவர்.

வைரக்கண்ணு கடைசியில் பேசினார். எல்லாரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் மெரூனாவைத் திட்டவில்லை.

"மாறுனது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். மாறுன விதம் தப்பு. மாறுறதுன்னா நாலு பத்திரிகைக்காரன் இருக்கணும், ஒரு சால்வ இருக்கணும், மக்களோட நன்மைக்காகன்னு ஒரு அறிக்க விடணும். இந்தம்மா அறிக்க விடாம நெசமாவே மக்களோட நன்மைக்காக மாறியிருக்கு. தனக்குன்னு ஒரு பதவி கேக்கல, ஒரு வாரியம் கேக்கல. இத ஜனங்க பாத்தா நாளைக்கு எங்களையும் இப்படித்தான் மாறச் சொல்லுவாங்க. நாங்க எங்க போறது?"

அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. பாலசுந்தரம் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

இதற்குள் ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. கல்யாண மண்டபத்தில் ஷஃபியுல்லாவை ஒரு பெண் விஷயமாக விசாரிக்கிறார்கள், அவர்தான் அவளுக்குக் காப்பாளராம், கையெழுத்தே போட்டிருக்கிறாராம் என்று அவர் மனைவி நஜ்முன்னிசாவின் காதுக்கு எட்டியது. அன்று சாப்பாடு போட்டுவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் யார் என்று கேட்டாள். காட்டுவதற்குக் கம்ப்யூட்டர் இல்லை. அதனால் ஷஃபியுல்லா நிலவு, குழாய், கொடி என்று முழுக் கதையையும் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. நடுவில் எங்கோ அவர் குரல் இறங்கிப்போனது. நஜ்முன்னிசா தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆறு பேரும் பொழச்சாங்கள்ல?" என்றாள்.

அவர் ஷார்ஜாக் கதையை அவளிடம் சொன்னதே கிடையாது. யார் வழியாகத் தெரிந்ததோ, எத்தனை வருஷமாகத் தெரியுமோ.

"பொழச்சாங்க" என்றார்.

"அப்புறம் என்னாங்க, சாப்புடுங்க" என்றாள்.

மூன்றாம் விசாரணையில் குழு ஒரு முடிவுக்கு வந்தது. மெரூனா வேறு என்ன செய்திருக்கலாம் என்பதைத் தாங்களே ஆடிப் பார்த்தால்தான் தெரியும். கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். ஷஃபியுல்லா நின்றுகொண்டு ஆங்கில வரிகளைத் தமிழில் சொன்னார். அவருடைய நாற்காலியில் உறுப்பினர்கள் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

ஜானகி ஆடியபோது மெரூனா கொடிக்குக் கீழே நின்று எதிரியைக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடிக்கும் முன் காற்று நின்றுபோனது. ஒன்பதாயிரம் பேரும் இறந்தார்கள். ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு அழகான முடிவு என்றார்.

பாலசுந்தரம் ஆடியபோது பிரச்சினையை ஆராய மன்றத்தில் ஒரு துணைக்குழு அமைத்தார். அந்தத் துணைக்குழு அறிக்கை கொடுக்க அவகாசம் கேட்டது. அவர் அவகாசம் கொடுத்தார். ஒன்பதாயிரம் பேரும் இறந்த பிறகு அறிக்கை வந்தது. அறிக்கை வந்துவிட்டதைப் பாருங்கள் என்று அவர் எல்லாருக்கும் காட்டினார்.

வைரக்கண்ணு முதலில் கப்பற்படைத் தளபதியிடம் தனியாகப் பேசினார். தனக்கு ஒரு கப்பலும் பட்டமும் கேட்டார். கிடைத்தது. பேரம் படிவதற்குள் நேரம் கடந்துவிட்டதால் ஒன்பதாயிரம் பேரும் இறந்தார்கள். மெரூனா மட்டும் கப்பலில் இருந்து கையசைத்தாள். "நம்ம ஆளு உசுரோட இருக்குல்ல" என்றார் வைரக்கண்ணு.

இப்படியே இரண்டு மாதம் போனது. வாரம் இரண்டு அமர்வு வைத்துப் பத்தொன்பது தடவை ஆடினார்கள். பத்தொன்பது தடவையும் கண்ணாடிக் கூரைக்கு அடியில் விளக்குகள் அணைந்தன. ஒவ்வொரு தடவையும் வீரமுத்து, உயிரிழப்பு ஒன்பதாயிரம், குழு தேநீருக்குக் கலைந்தது என்று எழுதினார். டைப் அடிக்க வந்தவர்கள் பூட்டிய கடையைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் பழகிவிட்டார்கள்.

மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. மெரூனா எடுத்த முடிவால் மட்டுமே உயிர்கள் தப்பின என்பதைக் குழு ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அது முறைப்படி எடுக்கப்பட்ட முடிவு அன்று. மேற்படி ஒன்பதாயிரம் பேரும் முறைப்படி இறந்திருக்க வேண்டியவர்கள். எனவே காப்பாளர் குழுவின் முன்னிலையில் அந்தக் கட்டத்துக்குத் திரும்பிச் சென்று, மெரூனாவை அவளுடைய இருக்கையிலேயே இருக்கச் செய்து, தவறைத் திருத்த வேண்டும். திருத்தியதும் கம்ப்யூட்டர்கள் திருப்பித் தரப்படும்.

ஷஃபியுல்லா அதை இரண்டு தடவை படித்தார். ஆடிக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். எதுவும் ஆகாது, எல்லாம் இங்கேயே இருக்கும் என்றார் பாலசுந்தரம். அவர் மிரட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவருடைய முடிவுக்காகத் திரையில் நான்கு வரிகள் தோன்றின. மெரூனா வழக்கம்போலக் காத்திருந்தாள். அது வெறும் படம் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கூடத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இருந்தும் மவுஸில் வைத்த விரல் அமுங்கவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஹுமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கேட்டது, கட்டடச் சொந்தக்காரர் கடையைக் காலி செய்யச் சொன்னது என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

மெரூனா எழுந்திருக்கவில்லை. அவள் தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். குடியிருப்புகளின் விளக்குகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்து, கடைசியில் மன்றத்தின் விளக்கும் அணைந்தது. அவள் தலை மேசையில் சாய்ந்தது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். ஜானகி அவருக்கு ஒரு துண்டு போர்த்தினார். வீரமுத்து மட்டும் எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர்களை மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் அரியலூர் மாவட்டம் இல்லை. அதை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மாவட்டம் போனதும் மாவட்டக் குழுவும் போய்விட்டது. விசாரணைக் கோப்பையும் கம்ப்யூட்டர்களையும் நாற்காலியையும் பெரம்பலூரில் இருந்த இதேபோன்ற குழுவுக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஷஃபியுல்லா பஸ் ஏறிப் பெரம்பலூர் போனார். அந்தக் குழுவின் தலைவர் கோப்பை முழுதாகப் படித்திருந்தார். அவர் இளகிய மனசுக்காரர்.

"பாய், நீங்க புள்ளகுட்டிக்காரரு. ஒம்பதாயிரம் பேரக் காப்பாத்தி வச்சிருந்திருக்கீங்க. அப்புறம் நீங்களே ஒக்காந்து அத்தன பேரையும் கொன்னுருக்கீங்க. எப்படிங்க மனசு வந்துச்சு?"

குழு சொல்லித்தான் செய்தேன் என்றார் அவர். எந்தக் குழு என்று கேட்டார் தலைவர். இப்போது இல்லாத குழு என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை, செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது என்று தலைவர் வருத்தத்தோடு குறிப்பிட்டார். சம்பவம் நடந்த இடம் அரியலூர் என்பதால் அரியலூர் மறுபடி மாவட்டமானால் அங்கே விசாரிக்கலாம், அதுவரை நிலுவையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தார். இதைக் கேட்டு ஷஃபியுல்லா அவருக்கு நன்றி சொன்னார். ஏன் சொன்னோம் என்பது பஸ்ஸில் வரும்போதும் அவருக்கு விளங்கவில்லை.

பிறகு அவர் பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு மனு அடித்தார். அதற்கு ஆள் குறைந்ததும் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தார். ஐந்து வருஷம் போனது. 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி மாவட்டமானது. ஊரே பட்டாசு வெடித்தது. வைரக்கண்ணு புதுக் கரை வேட்டியோடு திறந்த ஜீப்பில் போனார். டிசம்பரில் ஷஃபியுல்லாவுக்கு மாவட்டக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மெரூனா நேரில் ஆஜராக வேண்டும், தவறினால் காப்பாளர் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. கம்ப்யூட்டர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அவர் மண்டபத்துக்குப் போனார். தலைவரும் உறுப்பினர்களும் இன்னும் நியமிக்கப்படவில்லை. வீரமுத்து மட்டும் தலை நரைத்துப்போய், அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஷஃபியுல்லா பேனாவை வாங்கி, ஆஜராகாததற்குக் காரணம் என்ற கட்டத்தில், காலமானார் என்று எழுதினார்.

வீரமுத்து அதைப் படித்துவிட்டுத் தயங்கினார். இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அது கிடைக்காது, ஆனால் உடன் இருந்தவர் வாக்குமூலம் கொடுத்தால் அதை வைத்துக் கோப்பை மூடிவிடப் பார்க்கலாம் என்றார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, எப்படி இறந்தாள் என்று கேட்டார்.

"மூச்சு முட்டித்தாங்க" என்றார் ஷஃபியுல்லா.

வீரமுத்து எழுதினார். எழுதிவிட்டு, தலை நிமிராமலே அடுத்ததைக் கேட்டார்.

"அப்ப கூட யாரு இருந்தாங்க?"

"நான்தாங்க இருந்தேன்" என்றார் அவர்.